ஓராண்டுத் தண்டனைக்கே எம்எல்ஏ பதவி போகுமா? தட்டாஞ்சாவடியும் பாகூரும்: ஒரு சந்தேகம்

மஞ்சக்குப்பத்தான் (கேள்வி)

எனக்கு வீடு கடலூரில், வேலை புதுச்சேரியில். ஆபீஸில் மதியச் சாப்பாட்டு நேரத்தில் ஆரம்பித்த ஒரு வாக்குவாதம் இன்னும் ஓயவில்லை, அதனால் இங்கே போடுகிறேன்.

2016 தேர்தலில் தட்டாஞ்சாவடியில் என்.ஆர். காங்கிரஸ் சார்பில் ஜெயித்தவர் அசோக் ஆனந்த். வருமானத்துக்கு மீறிச் சொத்து சேர்த்ததாக சிபிஐ போட்ட வழக்கில் 2018 அக்டோபரில் அவருக்கும், பொதுப்பணித் துறையில் பொறியாளராக இருந்த அவருடைய தந்தைக்கும் ஓராண்டு சிறை விதித்தார்கள். அடுத்த மாதமே எம்எல்ஏ பதவி காலி என்று அறிவிப்பு வந்துவிட்டது. என் கூட வேலை பார்க்கும் ஒருவர் அடித்துச் சொல்கிறார்: இரண்டு வருடம் தண்டனை வந்தால்தான் பதவி போகும், ஒரு வருடத்துக்குப் போகாது, அப்போது சபாநாயகர் காங்கிரஸ்காரர் என்பதால் பழிவாங்கிவிட்டார்கள் என்று. ராகுல் காந்திக்கு 2023இல் சரியாக இரண்டு வருடம் கொடுத்ததால்தானே எம்பி பதவி போனது, அதையும் உதாரணமாகக் காட்டுகிறார். எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை.

இன்னொன்று. பாகூர் தனவேலு, அவரும் 2016இல் வந்தவர், காங்கிரஸ். அவர் மேல் தண்டனை எதுவும் கிடையாது, ஆனாலும் 2020 ஜூலையில் பதவி போனது. அதே சபையில் இருந்த மற்றவர்கள் கட்சியை விட்டே போய், வேறு கட்சியில் சேர்ந்து, நன்றாகத்தான் இருக்கிறார்கள். ஆளும் கட்சியிலேயே இருந்துகொண்டு ஆட்சியைக் குறை சொன்னவருக்கு மட்டும் ஏன் அப்படி?

நம் பக்கத்தில் ஒரே ஒரு முறை எம்எல்ஏவாக இருந்து சர்ச்சையில் பெயர் அடிபட்டவர்களைப் பற்றி ஒரு குறிப்பு எழுதி வைக்கலாம் என்று இருக்கிறேன். தெரிந்தவர்கள் சொல்லுங்கள். கட்சிச் சண்டை வேண்டாம், முடிந்தவரை.

கோர்ட்டு வாசல்

உங்கள் நண்பர் சொல்வது பாதி சரி. அந்த இரண்டு வருடக் கணக்கு எல்லாக் குற்றத்துக்கும் கிடையாது.

மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம் 1951, பிரிவு 8ஐ எடுத்துப் பாருங்கள். அதில் 8(1) என்று ஒரு பட்டியல் வரும். ஊழல் தடுப்புச் சட்டம், தீண்டாமைக்கு எதிரான குடிமை உரிமைகள் பாதுகாப்புச் சட்டம், மதம் சாதி பெயரில் பகை மூட்டுவது, இப்படிச் சில. இந்தப் பட்டியலில் உள்ள குற்றத்தில் தண்டிக்கப்பட்டாலே போதும், எத்தனை மாதம் என்ற கேள்வியே இல்லை. வெறும் அபராதம் மட்டும் போட்டால்கூட ஆறு வருடம் தேர்தலில் நிற்க முடியாது. சிறை என்றால் தீர்ப்பு நாளிலிருந்து தொடங்கி, விடுதலையாகி வந்த பிறகும் ஆறு வருடம். 8(2)இல் கலப்படம், பதுக்கல், வரதட்சணை வருகிறது, அதற்குக் குறைந்தது ஆறு மாதச் சிறை விதித்திருக்க வேண்டும். இந்த இரண்டிலும் வராத மீதி எல்லாவற்றுக்கும்தான் 8(3), அங்கேதான் உங்கள் நண்பர் சொல்லும் இரண்டு வருடம். ராகுல் காந்தி வழக்கு அவதூறு வழக்கு, அதனால் 8(3). தட்டாஞ்சாவடி வழக்கு ஊழல் தடுப்புச் சட்ட வழக்கு, அதனால் 8(1). இரண்டையும் ஒரே தட்டில் வைக்க முடியாது.

ஓராண்டுதானே, சின்ன விஷயம் போல என்றும் நினைக்க வேண்டாம். ஊழல் தடுப்புச் சட்டம் 13(2)இல் குறைந்தபட்சத் தண்டனை 2014 தொடக்கம் வரை ஓராண்டுதான், அதன் பிறகுதான் நான்காக ஏற்றினார்கள். பழைய குற்றத்துக்குப் பழைய அளவுதான் பொருந்தும்.

அப்புறம் இந்தச் சபாநாயகர் பழிவாங்கினார் என்பது. 2013 ஜூலை 10 வரை பதவியில் இருப்பவர்களுக்கு 8(4) என்று ஒரு குடை இருந்தது. தண்டனை வந்தாலும் மூன்று மாதத்துக்குள் அப்பீல் போட்டுவிட்டால், அப்பீல் முடியும்வரை நாற்காலியில் உட்கார்ந்திருக்கலாம். லில்லி தாமஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம் அதைச் செல்லாது என்று சொல்லிவிட்டது. அதிலிருந்து தீர்ப்பு வாசித்த அன்றே பதவி போய்விடுகிறது, சபாநாயகர் அலுவலகம் செய்வது காலியிடத்தை அறிவிப்பது மட்டும்தான். அந்த நாற்காலியில் என்.ஆர். காங்கிரஸ்காரரே இருந்திருந்தாலும் அதே கடிதம்தான் போயிருக்க வேண்டும். தாமதப்படுத்தியிருக்கலாம், அவ்வளவுதான்.

தப்பிக்க ஒரே வழி, மேல் நீதிமன்றத்தில் குற்றத் தீர்ப்புக்கே தடை வாங்குவது. சிறைத் தண்டனையை மட்டும் நிறுத்தி ஜாமீன் வாங்கினால் போதாது. பொன்முடி விவகாரம் நினைவிருக்கும்: 2023 டிசம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் மூன்று ஆண்டு கொடுத்தது, திருக்கோவிலூர் காலி என்று அறிவித்தார்கள், 2024 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் தீர்ப்புக்குத் தடை கொடுத்ததும் பதவி திரும்ப வந்தது, ஆளுநர் பதவிப் பிரமாணம் செய்து வைக்க மறுத்து, அதற்கும் உச்ச நீதிமன்றத்தில் குட்டு வாங்கிய பிறகுதான் அமைச்சரானார்.

ஏரிக்கரை

பாகூர் பற்றி நான் சொல்கிறேன், ஊர்க்காரன் என்ற உரிமையில். கொஞ்சம் நீளமாகப் போகும்.

தனவேலு ஆளும் கட்சி எம்எல்ஏ. ஆனால் 2019 கடைசியிலிருந்தே முதல்வர் நாராயணசாமியின் அரசைப் பகிரங்கமாகத் தாக்கிப் பேச ஆரம்பித்துவிட்டார். ஊழல் நடக்கிறது என்றார், தொகுதிக்கு எதுவும் வரவில்லை என்றார், அதோடு நிற்காமல் துணைநிலை ஆளுநர் கிரண் பேடியைப் போய்ப் பார்த்தார். அப்போது முதல்வருக்கும் ஆளுநர் மாளிகைக்கும் இருந்த உறவு எப்படி என்று உங்களுக்குத் தெரியும், முதல்வரே கறுப்புச் சட்டை போட்டுக்கொண்டு வாசலில் உட்கார்ந்த காலம் அது. அந்த நேரத்தில் அந்த வாசல்படி ஏறினால் கட்சி சும்மா இருக்குமா? 2020 ஜனவரியில் கட்சியிலிருந்து சஸ்பெண்ட் செய்தார்கள். சபையில் கட்சி எம்எல்ஏக்களுக்கு உத்தரவு போடும் அரசுக் கொறடா, பதவியைப் பறிக்கச் சொல்லி மனுக் கொடுத்தார், சபாநாயகர் சிவக்கொழுந்து விசாரித்து ஜூலையில் தகுதிநீக்கம் செய்தார்.

சட்டம் என்ன சொல்கிறது என்றால், அரசியல் சாசனத்தின் பத்தாவது அட்டவணைப்படி, அதாவது கட்சித் தாவல் தடைச் சட்டப்படி, கட்சி எம்எல்ஏவுக்கு இரண்டு காரணங்களுக்குத்தான் பதவி போகும்: கொறடா உத்தரவை மீறி ஓட்டுப் போடுவது, இல்லையென்றால் கட்சி உறுப்பினர் பதவியைத் தானாகவே விட்டுவிடுவது. தனவேலு ராஜினாமாக் கடிதம் எதுவும் கொடுக்கவில்லை. ஆனால் 1994இல் ரவி நாயக் வழக்கில் உச்ச நீதிமன்றம், கடிதம் கொடுக்கத் தேவையில்லை, நடத்தையைப் பார்த்தே கட்சியை விட்டுவிட்டார் என்று முடிவுக்கு வரலாம் என்று சொல்லி வைத்திருக்கிறது. அந்தக் கதவு வழியாகத்தான் எல்லாச் சபாநாயகர்களும் நுழைகிறார்கள்.

என் கருத்து: சொந்த அரசின் மேல் ஊழல் புகார் சொல்வதும் கட்சியை விட்டுப் போவதும் ஒன்று ஆகாது. அவர் சொன்னது உண்மையா பொய்யா என்பது வேறு, அதற்குப் பின்னால் அரசியல் கணக்கு இருந்ததா என்பதும் வேறு, இருந்திருக்கலாம். ஆனால் அதை முடிவு செய்கிற இடத்தில் ஆளும் கட்சிக்காரரே உட்கார்ந்திருக்கிறாரே.

இதில் யாரும் பேசாத விஷயம் ஒன்று இருக்கிறது. தட்டாஞ்சாவடிக்கு 2019 ஏப்ரலில் இடைத்தேர்தல் வந்தது. பாகூருக்கு வரவில்லை. காலியான இடத்துக்கு ஆறு மாதத்துக்குள் தேர்தல் வைக்க வேண்டும், ஆனால் சபையின் ஆயுள் ஒரு வருடத்துக்கும் குறைவாக இருந்தால் வைக்கத் தேவையில்லை, அதே மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம், பிரிவு 151ஏ. சபையின் காலம் 2021 ஜூன் தொடக்கத்தில் முடிகிறது, இவரை நீக்கியது 2020 ஜூலையில். ஒரு வருடத்துக்குச் சில வாரங்கள் குறைவு! மே மாதமே நீக்கியிருந்தால் இடைத்தேர்தல் வைக்க வேண்டி வந்திருக்கும். வேண்டுமென்றே அப்படிச் செய்தார்கள் என்று நான் சொல்ல மாட்டேன். கொரோனா முதல் அலை, அதன் பிறகு நிவர் புயல், இந்த இரண்டுக்கும் பாகூருக்கு எம்எல்ஏ கிடையாது. முதியோர் பென்ஷனுக்குக் கையெழுத்து வாங்கக்கூட எங்கே போவது என்று தெரியாமல் அலைந்தவர்கள் உண்டு. புதுச்சேரியில் ஒரு தொகுதிக்கு ஏறக்குறைய முப்பதாயிரம், முப்பத்தைந்தாயிரம் ஓட்டுத்தான், எம்எல்ஏ வீட்டுத் திண்ணையில்தான் பாதி வேலை முடியும், கடலூரில் இரண்டு லட்சம் ஓட்டுள்ள தொகுதியில் இருப்பவர்களுக்கு இது புரியாது.

சும்மா ஒருத்தன்

எதுக்கு இவ்வளவு ஆராய்ச்சி. எல்லாரும் ஒண்ணுதான். மாட்டினவன் திருடன், மாட்டாதவன் தலைவர்.

முத்தியால்பேட்டை ரிட்டயர்டு

தம்பி, எல்லாரும் ஒன்று என்று சொல்லிவிட்டால் அடுத்த முறை யாருக்கு ஓட்டுப் போடுவது? விடுங்கள்.

மஞ்சக்குப்பத்தார் கேட்டதில் தட்டாஞ்சாவடிக் கதை பாதிதான் வந்திருக்கிறது. மீதிதான் சுவாரஸ்யம். அசோக் ஆனந்த் போன இடத்தில் 2019 இடைத்தேர்தலில் ஜெயித்தவர் தி.மு.க.வின் கே. வெங்கடேசன். எதிர்க்கட்சி கையில் இருந்த தொகுதி ஆளும் கூட்டணிக்கு வந்ததில் அன்றைக்குப் பெரிய கொண்டாட்டம். அவராவது காலத்தை முடித்தாரா? 2021 பிப்ரவரி 21ஆம் தேதி, நாராயணசாமி பெரும்பான்மையை நிரூபிக்க வேண்டிய நாளுக்கு முந்தைய நாள், ராஜினாமா செய்தார். ஆக ஒரே தொகுதி, ஒரே ஐந்தாண்டு, இரண்டு பேர், இருவருமே முழுசாக உட்காரவில்லை. வெங்கடேசன் பிறகு பா.ஜ.க. போனார், அதே 2021 மே மாதம் நியமன எம்எல்ஏவாகச் சபைக்குள் திரும்பி வந்தார். மக்கள் கொடுத்த பதவியை அவரே விட்டார், அடுத்து வந்த பதவிக்கு மக்களைக் கேட்கவே தேவைப்படவில்லை. அந்தத் தொகுதியில் 2021இல் ரங்கசாமியே நின்று ஜெயித்து முதல்வரானார்.

நியமன எம்எல்ஏ என்றதும் இன்னொன்று. 2017இல் மத்திய அரசு பா.ஜ.க.காரர்கள் மூன்று பேரை நியமித்தது, அப்போதைய சபாநாயகர் வைத்திலிங்கம் உள்ளே விட மாட்டேன் என்றார், கிரண் பேடியே பதவிப் பிரமாணம் செய்து வைத்தார். அதை எதிர்த்து வழக்குப் போட்டவர் காங்கிரஸ் எம்எல்ஏ க. லட்சுமிநாராயணன். 2018 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் நியமனம் செல்லும், அவர்களுக்கு ஓட்டும் உண்டு என்று சொல்லிவிட்டது. இப்போது 2021 பிப்ரவரி 22க்கு வாருங்கள். ஆறு பேர் ராஜினாமா, தனவேலு ஏற்கெனவே நீக்கம், 33 பேர் சபையில் மிச்சம் 26. அரசுப் பக்கம் சபாநாயகரையும் சேர்த்து 12, எதிர்ப்பக்கம் 14. அந்தப் பதினான்கில் மூன்று நியமனம். அந்த மூன்றைக் கழித்தால் எதிர்ப்பக்கம் 11, சபாநாயகரைக் கழித்தால் அரசுப் பக்கமும் 11, சமம் என்றால் சபாநாயகரின் ஓட்டு, அரசு பிழைத்திருக்கும்! நியமன உறுப்பினர்களுக்கு ஓட்டு இல்லை என்று கோர்ட்டுக்குப் போன லட்சுமிநாராயணன் எங்கே இருந்தார் என்று பார்த்தால், வெங்கடேசன் ராஜினாமா செய்த அதே நாளில் அவரும் ராஜினாமா. பிறகு ரங்கசாமி அமைச்சரவையில் பொதுப்பணித் துறை. அரசியலில் இதெல்லாம் சகஜம் என்று சொல்வார்கள், எனக்கு இன்னும் சகஜமாகவில்லை.

தனவேலுவுக்கு ஏன் மட்டும் அப்படி என்று கேட்டீர்களே. பதில் இதிலேயே இருக்கிறது. மற்றவர்கள் முதலில் எம்எல்ஏ பதவியை ராஜினாமா செய்தார்கள், பிறகு கட்சி மாறினார்கள். ராஜினாமா செய்தவர் மேல் கட்சித் தாவல் சட்டம் பாயாது, பறிக்க அங்கே பதவியே இல்லை. தனவேலு பதவியையும் விடவில்லை, வாயையும் மூடவில்லை.

மஞ்சக்குப்பத்தான்

பெரியவர் போட்ட 11க்கு 11 கணக்கை நாளை ஆபீஸில் எடுத்துவிடுகிறேன், நன்றி ஐயா. ஏரிக்கரை அண்ணே, 151ஏ விஷயம் எனக்குப் புதுசு.

எங்கள் கடலூர் மாவட்டத்திலும் இப்படி யாராவது உண்டா? விருத்தாசலம் கலைச்செல்வன் பெயர் அப்போது அடிபட்டதாக லேசாக நினைவு.

கெடிலக்கரை

உண்டு, ஆனால் அவர் தப்பித்தவர்.

வி.டி. கலைச்செல்வன், 2016இல் விருத்தாசலத்தில் அ.தி.மு.க. சார்பில் ஜெயித்தவர். அந்தத் தொகுதிக்கு அதற்கு முன்னால் ஒரு வரலாறு உண்டு, 2006இல் விஜயகாந்த் முதன்முதலாக ஜெயித்த இடம், தே.மு.தி.க. அந்த முறை ஜெயித்த ஒரே இடமும் அதுதான். கலைச்செல்வன் கட்சிக்குள் தனி அணியாக நின்ற தினகரன் பக்கம் சாய்ந்தார், ஆனால் 2017 ஆகஸ்டில் முதல்வர் பழனிசாமிக்கு ஆதரவு இல்லை என்று ஆளுநரிடம் கடிதம் கொடுத்த கூட்டத்தில் சேரவில்லை. சேர்ந்தவர்களில் 18 பேருக்கு செப்டம்பர் 18ஆம் தேதி சபாநாயகர் தனபால் பதவியைப் பறித்தார், 2018 அக்டோபரில் உயர் நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. அந்தப் பதினெட்டு பேரில் முதல் தடவை எம்எல்ஏவாக வந்தவர்களும் இருந்தார்கள், ஒன்றரை வருடம்கூட முடியாமல் வீட்டுக்குப் போனார்கள்.

கலைச்செல்வனுக்கு நோட்டீஸ் வந்தது 2019 ஏப்ரல் கடைசியில், கள்ளக்குறிச்சி, அறந்தாங்கி எம்எல்ஏக்களோடு சேர்த்து. நேரத்தைக் கவனியுங்கள், 22 தொகுதி இடைத்தேர்தல் முடிவு மே 23 வரப்போகிறது, அதில் ஆட்சி நிற்குமா விழுமா என்று தெரியாது, சபையின் எண்ணிக்கையில் மூன்று குறைந்தால் ஆளும் கட்சிக்கு லாபம். மே முதல் வாரத்தில் உச்ச நீதிமன்றம் அந்த நோட்டீஸுக்குத் தடை போட்டது. சபாநாயகர் மேலேயே தி.மு.க. நம்பிக்கையில்லாத் தீர்மானத்துக்குக் கடிதம் கொடுத்திருந்தது, அது நிலுவையில் இருக்கும்போது அவர் தகுதிநீக்க விசாரணை நடத்தக் கூடாது என்ற 2016ஆம் ஆண்டு அருணாச்சலத் தீர்ப்பு கைகொடுத்தது. இடைத்தேர்தலில் ஒன்பது இடம் கிடைத்து ஆட்சி நின்றுவிட்டது, அந்த நோட்டீஸ் அதற்குப் பிறகு யாருக்குத் தேவை? ஜூலையில் போய் எடப்பாடி பழனிசாமியைப் பார்த்தார், மறுபடி கட்சிக்காரர் ஆனார், ஐந்து வருடத்தையும் முடித்தார்.

இதையெல்லாம்விட எரிச்சலானது வேறு. 2017 பிப்ரவரி 18ஆம் தேதி ஓ.பன்னீர்செல்வத்தோடு சேர்ந்து 11 பேர் சபைக்குள்ளேயே அரசுக்கு எதிராக ஓட்டுப் போட்டார்கள். பத்தாவது அட்டவணையில் இதைவிடத் தெளிவான குற்றம் உண்டா? ஒருவர் பதவிகூடப் போகவில்லை. ஓட்டுப் போட்டவர் துணை முதல்வர், கடிதம் கொடுத்தவர் வீட்டில். 2020 ஜனவரியில் மணிப்பூர் வழக்கில் தகுதிநீக்க மனுக்களுக்குச் சபாநாயகர்கள் மூன்று மாதத்துக்குள் முடிவு சொல்லுங்கள் என்று உச்ச நீதிமன்றம் சொல்லியும், அடுத்த மாதம் இந்த 11 பேர் மேலான வழக்கு வந்தபோது, சபாநாயகர் இப்போதுதான் நோட்டீஸ் அனுப்பியிருக்கிறாரே என்று முடித்துவிட்டார்கள். மூன்று வருடம் கழித்து நோட்டீஸ்!

அதனால் உங்கள் குறிப்பில் ஒருவரின் பதவி ஏன் போனது என்று மட்டும் எழுதாதீர்கள், அன்றைக்குச் சபையில் எண்ணிக்கை என்ன என்பதையும் பக்கத்திலேயே எழுதுங்கள். பாதிக் கதை அங்கேதான் இருக்கும்.

கோர்ட்டு வாசல்

கெடிலக்கரை சொல்வது கட்சித் தாவலுக்குப் பொருந்தும், நீதிமன்றத் தண்டனைக்குப் பொருந்தாது. அங்கே எண்ணிக்கைக் கணக்கு கிடையாது. ஜெயலலிதாவுக்கு 2014 செப்டம்பர் 27ஆம் தேதி தீர்ப்பு வந்தபோது சபையில் அசைக்க முடியாத பெரும்பான்மை, பதவி அன்றே போனதா இல்லையா? 2015 மே மாதம் கர்நாடக உயர் நீதிமன்றம் விடுவித்த பிறகுதான் ஆர்.கே. நகரில் நின்று திரும்ப வந்தார். அதனால் தட்டாஞ்சாவடியையும் பாகூரையும் ஒரே தலைப்பில் போடாதீர்கள், படிப்பவருக்குக் குழப்பம்.

ஆவணம் வேண்டும் என்றால்: வேட்பாளர் ஒவ்வொருவரும் மனுவோடு படிவம் 26 என்று ஒரு பிரமாணப் பத்திரம் கொடுப்பார்கள், சொத்து, கடன், நிலுவையில் இருக்கும் வழக்கு எல்லாம் அதில் உண்டு, தேர்தல் ஆணையத் தளத்தில் தேர்தல்வாரியாகக் கிடைக்கும். ஒருவர் இரண்டு தேர்தலில் நின்றிருந்தால் இரண்டையும் எடுத்து அருகருகே வைத்துப் பாருங்கள். பதவி காலியான அறிவிப்பு அரசிதழில் வரும், அதில் எந்தப் பிரிவின் கீழ் என்று போட்டிருப்பார்கள். பத்திரிகைச் செய்தியைவிட அதை நம்புங்கள். அப்பீல் என்ன ஆனது என்று நீதிமன்றத் தளத்தில் வழக்கு நிலையையும் பார்த்துவிட்டு எழுதுங்கள், கீழ் நீதிமன்றத் தண்டனையோடு ஒருவரின் கதையை முடித்துவிட்டு, மேலே விடுதலை ஆகியிருந்தால் அவதூறு வழக்கில் உங்கள் பெயரும் வரும்.

ஏரிக்கரை

2021இல் பாகூரில் ஜெயித்தது தி.மு.க.வின் செந்தில்குமார், அதையும் குறித்துக்கொள்ளுங்கள். கன்னியக்கோயில் பக்கம் வந்தால் சொல்லுங்கள், அந்தப் பத்து மாதத்தில் பென்ஷன் பேப்பரோடு அலைந்தவர்கள் இரண்டு பேரைக் காட்டுகிறேன், பெயர் போடாமல் எழுதுவீர்கள் என்றால்.